அடுத்தவர் பணத்தில் நடக்கும் கூட்டம்

(மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கிளப் ஹவுஸில் நடக்கும் உறுப்பினர் சந்திப்பில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் தம் தொழிலைப் பற்றிப் பேசினார். வர முடியாதவர்களுக்காக அவரே எழுதிக் கொடுத்த உரை இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். யாரென்று உங்களுக்குத் தெரியும். - ஆசிரியர் குழு)



போன மாதம் டாக்டர் சார் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். ஹால் நிறைந்து வாசல் வரை நின்றார்கள். அதற்கு முந்தைய மாதம் வருமான வரி, அதற்கும் நல்ல கூட்டம். இந்த மாதம் 'அரசாங்கக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் தொழில்' என்று அறிவிப்புப் பலகையில் போட்டதும், யார் வருவார்கள் என்று எனக்கே சந்தேகம். முப்பத்தைந்து நாற்காலி போடச் சொன்னேன். இப்போது எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று நிறைந்திருக்கிறது. என் தொழிலில் இதை நல்ல கணக்கு என்பார்கள்.

பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: "அமெரிக்காவில் என்ன வேலை பார்த்தீர்கள் மேடம்? ஐ.டி.யா?" ஐ.டி. இல்லை. நான் மதுரையில் பி.காம். படித்தவள். 1999-இல் கல்யாணமாகி, கணவரின் வேலைக்காக மேரிலாந்து போனேன். வாஷிங்டனை ஒட்டிய மாநிலம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 2004-இல், ஒரு தனியார் நிறுவனத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அரசு அலுவலகங்களுக்காகக் கூட்டங்கள் ஏற்பாடு செய்து கொடுக்கும் நிறுவனம். என் முதல் வேலை, கழுத்தில் தொங்கவிடும் பெயர் அட்டை செய்வது. நூற்று இருபது அட்டையில் ஒரு பேராசிரியரின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது. அவர் இரண்டு நாளும் அந்த அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெயர் என்பது எவ்வளவு முக்கியம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வாஷிங்டன் வட்டாரத்தில் அரசுக் கூட்டம் என்றால் மேடையும் மாலையும் மைக்கும் அல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல இருபது விஞ்ஞானிகள் இரண்டு நாள் உட்காருவார்கள். ஒரு மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழு கூடும். ஐம்பது மாநிலத்து அதிகாரிகளுக்குப் பயிற்சி நடக்கும். இவர்களுக்கு அறை, பயணம், ஹால், ஒலிபெருக்கி, காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், கடைசியில் பயணப் பில் கணக்கு, எல்லாவற்றையும் ஒருவர் பார்க்க வேண்டும். அந்த ஒருவர்தான் 'மீட்டிங் பிளானர்'.

காபி கிடையாது

முதல் அதிர்ச்சி காபியில்தான் வந்தது. காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு மேஜையில் காபி இல்லை. மறந்துவிட்டார்களோ என்று ஓடிப்போய்க் கேட்டேன். மேலாளர் சிரித்தார். அமெரிக்க மத்திய அரசில் நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் அரசு ஊழியர்களுக்குச் சாப்பாடோ காபியோ வாங்கித் தரக்கூடாது என்பதுதான் பொது விதி. பயிற்சி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு நமக்குப் பொருந்துமா என்று எழுத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால் அவரவர் கைக்காசில் காபி.

நம் ஊரில் வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினால் என்ன சொல்வோம்! எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அந்தக் காபி யாருடைய பணம் என்று கேட்கப் பழகிவிட்டேன்.

நான் செய்த தவறு

இப்போது 2008-க்கு வருகிறேன். அதற்குள் நான் பெயர் அட்டையிலிருந்து மேலே வந்து, ஓர் அரசு அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஹோட்டலோடு பேசும் வேலையில் இருந்தேன். எண்பது அறைக்கு ஒப்பந்தம். கூட்டத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஹோட்டலின் விற்பனை மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார்: "இன்னும் இருபது அறை இருக்கிறது. வேண்டுமா? இன்றைக்குள் சொல்லுங்கள்." பதிவு வேகமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அன்று என் மேலாளர் விடுப்பு. நான் பதில் போட்டேன்: "சரி, எடுத்து வையுங்கள்."

மூன்றே சொல். அந்த இருபது அறையும் நிரம்பவில்லை. மூன்று இரவு, அறுபது அறை-இரவு. ஹோட்டல் பில் அனுப்பியது. ஹோட்டல் ஒப்பந்தங்களில் 'அட்ரிஷன்' என்று ஒரு பிரிவு இருக்கும். கல்யாண மண்டபத்தில் சொன்ன இலைக்குக் காசு கொடுப்போம் இல்லையா, அதேபோல. பதிவு செய்த அறையில் இவ்வளவு சதவீதமாவது நிரம்ப வேண்டும், குறைந்தால் காலி அறைக்கும் பணம். அந்தத் தொகை என் மூன்று மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை வேறு. என்னை அந்த அலுவலகத்தின் கான்ட்ராக்டிங் ஆபீசர் முன்னால் உட்கார வைத்தார்கள். அமைதியான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. ஒரே கேள்வி கேட்டார்: "இதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் யார் கொடுத்தது?"

அமெரிக்க அரசின் சார்பில் ஒப்பந்தம் போட, அதை மாற்ற, கான்ட்ராக்டிங் ஆபீசருக்கு மட்டும்தான் அதிகாரம். அவருக்கு எழுத்தில் ஒரு நியமனப் பத்திரம் இருக்கும். அதன் பெயர் வாரன்ட். வாரன்ட் என்றதும் நமக்குப் போலீஸ்தான் ஞாபகம் வரும், இது அதுவல்ல. எவ்வளவு தொகை வரை அவர் கையெழுத்துப் போடலாம் என்பதும் அதிலேயே இருக்கும். அந்தத் தாள் இல்லாதவர், எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், வாயால் "சரி" என்று சொன்னால் அது அங்கீகாரமில்லாத வாக்குறுதி. பிறகு அதை முறைப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது சுலபமான வழி அல்ல.

நான் அரசு ஊழியர்கூட இல்லை, வெளி நிறுவனத்து ஆள். கடைசியில் எங்கள் நிறுவனம்தான் அந்தப் பணத்தைக் கட்டியது. என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் எட்டு மாதம் ஹோட்டலோடு பேசும் வேலையைத் தரவில்லை. மறுபடி பெயர் அட்டை.

அப்போது எங்கள் அலுவலகத்தில் மூத்த பிளானர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஒரு நாள் மதியம் என் டிபன் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ ஏமாற்றவில்லை. கூட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் செய்தாய். இந்தத் தொழிலில் மாட்டிக்கொள்பவர்களில் பாதிப் பேர் உன்னைப் போன்ற நல்லவர்கள்தான். விதியைப் படி." அவர் சொல்லித்தான் நான் சான்றிதழுக்குப் படிக்கத் தொடங்கினேன்.

சான்றிதழில் என்ன இருக்கிறது?

கூட்டம் ஏற்பாடு செய்பவர்களுக்குப் பொதுவான சான்றிதழ் ஒன்று 1985-இலிருந்து இருக்கிறது. சி.எம்.பி. என்பார்கள். கம்பெனி மாநாடு, மருத்துவர் சங்க மாநாடு என்று எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நான் எடுத்தது வேறு: சி.ஜி.எம்.பி. நடுவில் வரும் 'ஜி' என்பது கவர்ன்மென்ட். 1981-இல் தொடங்கிய 'சொசைட்டி ஆஃப் கவர்ன்மென்ட் மீட்டிங் புரொஃபெஷனல்ஸ்' என்ற அமைப்பு அதைத் தருகிறது. கூட்டம் நடத்துபவர்களும், இடமும் பொருளும் தரும் ஹோட்டல்காரர்களும் அந்த அமைப்பில் சேர்ந்தே உறுப்பினர்கள். உறுப்பினராக இருக்க வேண்டும், துறையில் அனுபவம் வேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும், முடிவில் தேர்வு. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லாது. தொடர்ந்து படித்ததைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

நாற்பதை நெருங்கும் வயதில் பரீட்சை. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுச் சமையலறை மேஜையில் உட்காருவேன். என் மகள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு முன்னால் அவளுக்கே விதி மனப்பாடமாகிவிட்டது.

என்ன படித்தேன் என்று கொஞ்சம் சொல்கிறேன். நம்மில் பலர் அலுவலகத்தில் டி.ஏ. வாங்கியவர்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

முதலில் படித்தொகை. 'பெர் டியம்' என்பார்கள். ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக ஜி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஊர் வாரியாக இரவுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பட்டியல் போடும். அவர்கள் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. பட்டியலில் தனியாகப் பெயர் வராத ஊர்களுக்கு ஒரு பொது விகிதம் உண்டு. 2025-ஆம் நிதியாண்டில் அது அறைக்கு 110 டாலர், சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் சேர்த்து 68 டாலர். அந்த 68-இல் காலை உணவுக்கு 16, மதியத்துக்கு 19, இரவுக்கு 28, சில்லறைக்கு 5. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் முக்கால் பங்குதான், 51 டாலர். கூட்டத்திலேயே மதியச் சாப்பாடு போட்டால், போட்ட சாப்பாட்டுக்கான 19 டாலரைக் கழித்துக்கொண்டுதான் மீதி. ஒரே சாப்பாட்டுக்கு அரசு இரண்டு முறை பணம் தராது.

அடுத்தது இடம் தேர்ந்தெடுப்பது. மத்திய அரசின் பயண விதிகளைப் படித்தபோது, குறைந்தது மூன்று இடங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அரசுக் கட்டடமே கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். வாடகையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. விமானம், டாக்சி, ஊழியர்களின் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முப்பது பேரோ அதற்கு மேலோ வரும் கூட்டமென்றால், தேர்ந்தெடுக்காத இடங்களின் விலைக் கணக்கையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும், தணிக்கையாளர் கேட்டால் காட்ட. இது எனக்குப் புதிது. வாங்கிய பொருளின் பில்லை எல்லோரும் வைத்திருப்போம். வாங்காத பொருளின் விலையை யார் வைத்திருக்கிறோம்?

மூன்றாவது, தீ. 1990-இல் வந்த ஹோட்டல் தீப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் மாநாட்டைத் தீப் பாதுகாப்புள்ள இடத்தில்தான் நடத்த வேண்டும். ஒவ்வொரு அறையிலும் மின்சார இணைப்புள்ள புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். மூன்று மாடிக்கு மேற்பட்ட கட்டடமென்றால் ஸ்பிரிங்க்ளரும் வேண்டும். இந்தத் தகுதி உள்ள விடுதிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஹோட்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் பேச்சே.

நான்காவது, எல்லோரும் உள்ளே வர முடிகிறதா என்பது. மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டங்கள் 1973-லும் 1990-லும் வந்தவை. சக்கர நாற்காலி போக 36 அங்குல வழி வேண்டும் என்பது அளவு. வகுப்பில் ஆசிரியர் ஓர் அளவு நாடாவைக் கையில் கொடுத்து, அந்த அறையையே அளக்கச் சொன்னார். வகுப்பு நடந்த அறையிலேயே இரண்டு இடத்தில் வழி போதவில்லை.

ஐந்தாவது, அன்பளிப்பு. ஒரு மத்திய அரசு ஊழியர் வெளியார் ஒருவரிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்பு வரைதான் ஏற்கலாம். ஒரே இடத்திலிருந்து ஆண்டு முழுதும் 50 டாலர்தான் உச்சவரம்பு. இன்னொரு நுணுக்கம்: அரசு வேலையாகத் தானே பயணம் போகிற ஊழியர் விமானக் கம்பெனி தரும் பாயின்ட்டுகளைத் தாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நூறு பேருக்கு அறை ஏற்பாடு செய்கிற ஊழியருக்கு ஹோட்டல் தரும் பாயின்ட் அவருடையது அல்ல, அரசாங்கத்தின் சொத்து. ஏன் இந்த வித்தியாசம்? பயணம் போகிறவர் தாமே அலைகிறார். ஏற்பாடு செய்கிறவரோ அடுத்தவர் பணத்தை எந்தக் கடைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். அந்த முடிவில் அவருக்கு ஒரு பாயின்ட்கூட ஆசை வரக்கூடாது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒதுக்கிய பணத்துக்கு மேல் அரசின் பெயரில் கடன் வைக்கக்கூடாது என்பது. ஹோட்டல் தன் வழக்கமான ஒப்பந்தத்தை நீட்டும். அதில் "என்ன நஷ்டம் வந்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். கம்பெனிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அரசாங்கம் போட முடியாது. அளவு தெரியாத கடனை ஏற்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த வரியைக் கண்டுபிடித்து அடிக்கச் சொல்வது எங்கள் வேலையின் முக்கியமான பகுதி.

2011-இல் தேர்வு எழுதினேன், தேறினேன். மகள்தான் முதலில் கைதட்டினாள்.

படித்தால் மட்டும் போதுமா?

மறு வருடமே ஒரு பெரிய செய்தி. 2010 அக்டோபரில் லாஸ் வேகாஸ் பக்கத்தில் ஓர் அரசு மாநாடு நடந்திருந்தது. சுமார் முந்நூறு பேர். அதைப் பற்றிய தணிக்கை அறிக்கை 2012 ஏப்ரலில் வெளியானது. மொத்தச் செலவு எட்டு லட்சம் டாலருக்கு மேல். இடம் பார்க்கவும் திட்டம் போடவும் போய் வந்த பயணங்களுக்கே ஒரு லட்சம் டாலருக்கு மேல். சேர்ந்து சைக்கிள் பூட்டும் குழுப் பயிற்சிக்கு 75,000 டாலர். மேடையில் மனத்தைப் படித்துச் சொல்லும் வித்தைக்காரருக்கு 3,200 டாலர். நினைவு நாணயங்களுக்கு ஆறாயிரத்துக்கு மேல்.

நடத்தியது யார் தெரியுமா? ஜி.எஸ்.ஏ. நாட்டுக்கே படித்தொகைப் பட்டியல் போடும் அதே அமைப்பு. விதியை எழுதுகிறவர்களுக்கு விதி தெரியாதா? தெரியும். அமைப்பின் தலைவர் பதவி விலகினார். மே மாதம் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் புது உத்தரவு போட்டது: ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் மாநாட்டுக்கு மேல்மட்ட அனுமதி வேண்டும். ஐந்து லட்சத்தைத் தாண்டினால் துறைத் தலைவரே விசேஷ விலக்குக் கொடுத்தாலொழிய நடத்தக்கூடாது. பெரிய மாநாடுகளின் கணக்கை வருடா வருடம் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் தொழிலே கொஞ்ச காலம் படுத்துவிட்டது. ஒழுங்காக நடந்த கூட்டங்களும் ரத்தாயின. யாரோ சைக்கிள் பூட்டியதற்கு, காசநோய் பற்றிப் பேச வர வேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அத்துமீறினால் அடுத்து வரும் விதி எல்லோரையும் சேர்த்துத்தான் கட்டும். மறு வருடம் 2013 அக்டோபரில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசாங்கமே பதினாறு நாள் மூடியது. நான் எட்டு மாதம் உழைத்த ஒரு கூட்டம் அதில் போனது. ஆனால் 'நிதி ஒதுக்கீடு கிடைத்தால் மட்டுமே' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தது. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. அந்த வரியைப் போடச் சொன்னது நான். இந்த முறை அதிகாரம் உள்ளவரிடம் கேட்டு, எழுத்தில்.

இனி நம் விஷயம்

இதையெல்லாம் வாஷிங்டன் கதையாக மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் நான் இன்று பேச ஒப்புக்கொண்டது வேறொன்றைச் சொல்வதற்காக.

2022-இல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். பலர் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் போன பொங்கல் விருந்துக்கு என்னைக் கலைநிகழ்ச்சிக் குழுவில் போட்டார்கள்.

பதிவு நோட்டைப் பார்த்து, கமிட்டி 110 இலைக்கு ஒப்புதல் தந்தது. ஓர் இலை 280 ரூபாய். விருந்துக்கு முதல் நாள் சமையல் கான்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார்: "நூற்றுப்பத்து போதுமாம்மா? பொங்கல் ஆச்சே, கடைசியில ஆளு வருவாங்க." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வந்தவருக்கு இலை இல்லை என்று சொல்வது எவ்வளவு கேவலம்! யாரையும் கேட்கவில்லை. "சரி, நூற்று அறுபதாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

வந்தவர்கள் 112 பேர். யாரும் உட்காராத இலை 48. நாற்பத்தெட்டை 280-ஆல் பெருக்கினால் 13,440 ரூபாய். கான்ட்ராக்டர் மேல் தப்பில்லை. சொன்ன இலைக்குச் சமைத்தார், சொன்ன இலைக்குப் பணம் வாங்கினார்.

கமிட்டி ஒப்புக்கொள்ளாத செலவைச் சங்கக் கணக்கில் எழுத நம் பொருளாளர் சாருக்கு மனம் வரவில்லை. என்னிடம் கேட்கவும் மனம் வரவில்லை. தம் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், "பொங்கல் கணக்கு ஏன் இன்னும் வரவில்லை? யார் சாப்பிட்டது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவரைப் பார்த்து வந்தது. அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அடுத்த தடவை தமக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டார். நடந்தது என்ன என்று எனக்கே போன வாரம்தான் தெரிந்தது, அதுவும் அவர் மனைவி சொல்லி.

பதினாறு வருட இடைவெளியில் அதே மூன்று சொல்: சரி, எடுத்து வையுங்கள். சரி, போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை எனக்கு விதி தெரியாது. இரண்டாவது தடவை விதி தெரியும், சுவரில் மாட்டியே இருக்கிறது. 'நம்ம அப்பார்ட்மென்ட்தானே' என்ற நினைப்பு அதை மறைத்துவிட்டது. அங்கே அரசாங்கப் பணம் என்று பயந்தேன். இங்கேயும் நூற்று முப்பத்திரண்டு வீட்டுப் பணம். அதில் பென்ஷனில் மெயின்டெனன்ஸ் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

13,440 ரூபாயை நேற்று பொருளாளர் சார் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். "இதைச் சபையில் சொல்ல வேண்டாம்மா" என்றார். மன்னியுங்கள் சார். குரூப்பில் கேள்வி எல்லோர் முன்னாலும் வந்தது, பதிலும் எல்லோர் முன்னாலும் வர வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு நான் சில தீர்மானங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. எந்த கான்ட்ராக்டரிடமும் எண்ணிக்கை, தொகை, தேதி சொல்லும் அதிகாரம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவருக்கு. அவர் பெயர் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் போன் வந்தால் சொல்ல வேண்டிய பதில்: "எனக்கு அந்த அதிகாரம் இல்லை, அவரிடம் கேளுங்கள்." இதைச் சொல்வதில் வெட்கமே இல்லை. நான் படித்ததிலேயே பயனுள்ள வாக்கியம் இதுதான்.

இரண்டு. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வேலைக்கு மூன்று கொட்டேஷன். எடுக்காத இரண்டையும் கோப்பில் வைக்க வேண்டும், ஏன் எடுக்கவில்லை என்ற ஒரு வரியோடு.

மூன்று. தீபாவளிக்கு லிஃப்ட் கம்பெனியும் ஜெனரேட்டர் ஆளும் நிர்வாகிகளுக்குத் தரும் பெட்டி சங்க அலுவலகத்துக்கு வரட்டும். காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் பிரித்துக்கொள்ளட்டும்.

நான்கு. எந்த விழா நடந்தாலும் பதினைந்து நாளுக்குள் வரவு செலவு அறிவிப்புப் பலகையில். கேள்வி வருவதற்கு முன்னால் பதில் இருந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஐந்து. இந்த ஹாலுக்கு வர மூன்று படி இருக்கிறது. பி பிளாக்கில் சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா இதுவரை ஒரு சந்திப்புக்கும் வந்ததில்லை. பக்கவாட்டுக் கதவை நேற்று அளந்தேன், 38 அங்குலம். அகலம் போதும். சாய்தளம் மட்டும்தான் வேண்டும். மூன்று கொட்டேஷன் வாங்குவதை இதிலிருந்தே தொடங்கலாம்.

சந்திப்பில் வந்த கேள்விகள்

*என் மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். இந்தச் சான்றிதழ் எடுத்தால் உடனே வேலை கிடைக்குமா?*

கிடைக்காது. இந்த வேலைக்கு இது கட்டாயம் என்று சட்டம் எதுவும் இல்லை. இது வேலைக்குள் நுழையும் டிக்கெட் அல்ல, ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குப் பயன்படுவது. முதலில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பெயர் அட்டை வேலையாக இருந்தாலும் சேரச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வருடம் பில்லோடும் ஹோட்டலோடும் அடிபட்ட பிறகு படித்தால், ஒவ்வொரு விதியும் ஏன் வந்தது என்று புரியும். எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

*மூன்று கொட்டேஷன் என்றால் தாமதமாகாதா? மோட்டார் எரிந்துபோனால் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் இருப்பதா?*

நியாயமான கேள்வி. அவசரத்துக்குத் தனி விதி வேண்டும். செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து ஒரு வரம்பு வரை உடனே செலவு செய்யலாம், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். அவசரம் என்பதை விதிக்கு உள்ளே வைத்துவிட்டால், எல்லாவற்றையும் அவசரம் என்று சொல்ல முடியாது.

*இதெல்லாம் அமெரிக்க வழக்கம். நம் ஊருக்கு ஒத்து வருமா?*

நம் ஊரில் இல்லாதது இல்லை சார். அரசு கொள்முதலுக்குத் தமிழ்நாட்டில் 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. நம்மில் ஐந்தாறு பேராவது அரசு அலுவலகத்தில் கொட்டேஷன் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவர்கள். உங்களுக்கு இது கைவந்த கலை. அலுவலகத்தில் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

*பொருளாளர் தொடர்வாரா?*

அதை நான் சொல்ல முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை. (ஹாலில் சிரிப்பு. பொருளாளரும் சிரித்தார்.) பொதுக்குழுவில் நீங்கள்தான் கேட்க வேண்டும். குரூப்பில் கேள்வி கேட்டவரும் அன்று வந்து கேட்டால் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் காவலாளி அறையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். எழுதியவர்கள் வாருங்கள். எத்தனை பெயரோ அத்தனை நாற்காலி, அத்தனை டீ. டீச் செலவுக்குக் கமிட்டி ஒப்புதல் வாங்கியாயிற்று.